25 டிகிரி

ஜனவரி 20, திங்கள்

இந்த வருஷம் ஊருக்குள் போய்ப் போடுகிற மாதிரி ஒரு நாடகம். வசனம் கிடையாது, எழுதிவைத்த பிரதியும் கிடையாது. குழுவில் உள்ள ஒன்பது பேரும் உடம்பை வைத்தே உருவாக்க வேண்டும். பொருள் உப்பளம். தூத்துக்குடியில் இருந்துகொண்டு வேறு எதைத் தேடுவது?

எங்களுக்குப் பயிற்சி தரும் சார், வங்க நாடகக்காரர் பாதல் சர்க்காரைப் பற்றி வெகுநேரம் பேசினார். 1980இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் அவர் நடத்திய பட்டறை, அதில் கலந்துகொண்டவர்கள் பிறகு செய்த நாடகங்கள், மேடையும் விளக்கும் இல்லாமல் நடிகரின் உடம்பே எல்லாமாக மாறும் அரங்கு. கேட்கக் கேட்க உற்சாகமாகத்தான் இருந்தது. எழுந்து தரையில் இறங்கியதும் எல்லோரும் ஒன்றையே செய்தோம்: நெற்றியை வழித்தோம், இடுப்பைப் பிடித்தோம், சூரியனைப் பார்த்து முகம் சுளித்தோம். சினிமா ஏழைகள்!

ஜனவரி 25, சனி

விடியும் முன்பே அளத்துக்குப் போய்விட்டோம். மழை முடிந்து பாத்தி சரிசெய்யும் நேரம் இது. களிமண் தரையைப் பெண்களும் ஆண்களுமாக வரிசையில் நின்று காலால் மிதித்து இறுக்குகிறார்கள். பாதத்தை ஒட்டிப் பாதம். இடையில் விரல்கடை இடமும் தப்பாது. தரை இறுகாவிட்டால் நீர் கீழே இறங்கிவிடும், வாரும்போது உப்போடு சேறும் வரும்.

நான் அசந்துபோனது வேறொன்றில். இரண்டு அக்காக்கள் யாரோ வீட்டுக் கல்யாணச் சண்டையைப் பேசிக்கொண்டே மிதித்தார்கள். சிரித்தார்கள், திட்டினார்கள், ஒருத்தி நின்று தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டினாள். திரும்ப வரிசையில் சேர்ந்தபோது எல்லோருடைய கால் எதுவோ அதே கால் அவளுக்கும். நடனத்தில் வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுப்பதை இவர்கள் பேச்சுக்கு நடுவே செய்கிறார்கள்.

என்னையும் இறங்கச் சொன்னார்கள். "எட்டி, குதிக்காத. அமுக்கு" என்றாள் மூத்தவள். முழங்காலுக்கு மேலே எனக்கும் தசை இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

ஜனவரி 28, செவ்வாய்

தொடை வலி. ஒத்திகையில் மிதிப்பது மட்டும். கஷ்டத்தை நடிப்பது சுலபம், கைத்திறனை நடிக்கத்தான் முடியவில்லை. முகத்தை யாராவது சோகமாக்கினால் மற்றவர்கள் கைதட்ட வேண்டும் என்று விதி வைத்தோம். அரைமணி நேரம் ஒரே கைதட்டல்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்றுதான் நாடகம் பிறந்தது என்று நினைக்கிறேன்.

வேதியியல் படிக்கிற தம்பி ஒருவன் குழுவில் இருக்கிறான். இதுவரை மூட்டை தூக்கும் காட்சியில் மூட்டையாக இருந்தவன். அவன் சொன்னான்: உப்புநீரின் அடர்த்தியை டிகிரியில் அளப்பார்கள், கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி. வெயிலில் வற்ற வற்ற ஏறும். நடுவில் ஜிப்சம் படியும். 25ஐ ஒட்டி உப்பு பூக்கும். 30ஐ நெருங்க விட்டால் மெக்னீசியக் கசப்பு ஏறும், அதற்குள் மிச்ச நீரை வெளியேற்றிவிட வேண்டும்.

பாரிஸில் 1956இல் நாடகப் பள்ளி தொடங்கிய ழாக் லெகோக்கின் பயிற்சி ஒன்றை சார் முன்பே பழக்கியிருந்தார். தரையை ஒற்றை முனையில் நிற்கும் தட்டாக நினைத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் நகர்ந்தால் தட்டு சாயாதபடி இன்னொருவர் நகர வேண்டும். அதையே எடுத்தோம். சுற்றிலும் கயிறு. 3 டிகிரியில் எல்லோரும் வளைந்து, தளர்ந்து, அகலமாக ஓடுகிறோம். கயிற்றை இருவர் மெல்ல இழுக்க, இடம் சுருங்குகிறது, மூச்சு ஒருவர்மேல் ஒருவர் விழுகிறது. உப்புப் படிகம் கனசதுரம் அல்லவா? 25 நெருங்கும்போது வளைவுகள் போய் எல்லாத் திருப்பமும் செங்கோணமாகின்றன. பிறகு ஒருவர், அடுத்தவர், சட்டென எல்லோரும் இறுகி நிற்கிறோம்.

வெயிலை யாரும் நடிக்கவில்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் அண்ணன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

பிப்ரவரி 6, வியாழன்

சண்டை. கசப்பு நீர் யார்? எல்லோரும் உப்பான பிறகு ஒருத்தி மட்டும் உறையாமல் வெளியே தள்ளப்பட வேண்டும். அது வேலையிலிருந்து நிறுத்தப்படும் தொழிலாளி என்று ஒரு கட்சி. வெறும் நீராகவே இருக்கட்டும், அர்த்தம் பார்ப்பவர் பாடு என்று நான். குறியீட்டை விளக்க ஆரம்பித்தால் நாடகம் பேச்சுப்போட்டி ஆகிவிடும். ஓட்டெடுப்பில் தோற்றேன். பிறகு செய்து பார்த்தபோது அந்தக் கட்சிக்கே பிடிக்கவில்லை. விட்டுவிட்டோம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வாருபலகை. நிஜப் பலகையோடு பழகி, பிறகு பலகையை எடுத்துவிட்டு அதே எடையை இழுப்பது. இழுப்பு தோளிலிருந்து வருவதில்லை, பின்னங்காலிலிருந்து வருகிறது. வேறொன்றும் நடக்கவில்லை.

பிப்ரவரி 15, சனி

அளத்து ஊரில், கோயில் திடலில் போட்டோம். மிதிக்கும் காட்சி தொடங்கியதுமே பின்னாலிருந்து ஒரு குரல்: "அந்தக் கடைசிப் பய இடம் விடுதான் பாரு!" சனங்கள் சிரித்தார்கள். அவனும் உடனே பாதத்தை ஒட்டி வைத்தான். அதற்குப் பிறகு மேற்பார்வை முழுக்க அவர்களுடையது.

உப்பு இறுகியது, வாரினோம், குவித்தோம், முடித்தோம். கைதட்டினார்கள். அன்று என்னை அமுக்கச் சொன்ன பெரியம்மை எழுந்து வந்தாள்.

"எல்லாம் சரிதான் பிள்ளைகளா. மிதிச்சிய, வாரினிய. சம்பளம் எங்க?"

யாரிடமும் பதில் இல்லை. பரிதாபம் வந்துவிடக்கூடாதென்று அவ்வளவு கவனமாக இருந்ததில் கூலியும் நாடகத்துக்கு வெளியே நின்றுவிட்டது. கூட்டத்திலிருந்து ஆளுக்கொன்று சொன்னார்கள்: மழைக்காலத்தில் வேலையில்லாததைக் காட்டு, அரசு தரும் 5,000 ரூபாயைக் காட்டு, அது எந்தக் கடனுக்குப் போகிறது என்பதையும் காட்டு.

வேனில் திரும்பும்போது மூட்டையாக இருந்தவன் கேட்டான்: கயிற்றை இழுக்கும் இருவரும் யார் என்று நாம் முடிவே செய்யவில்லையே? அவர்களுக்கு முகம் கொடுத்தால் என்ன? வேண்டாம், முதலாளி வேஷம் கட்டிவிடுவோம் என்று இரண்டு பேர் கத்தினார்கள். நான் இந்த முறை அவன் பக்கம். நாளை காலை ஆறு மணிக்கு ஒத்திகை. கயிறு வேன் சீட்டுக்கடியில் இருக்கிறது, மறக்காமல் எடுக்க வேண்டும்.