மாரியும் கோழிக்கூடும்



ஒக்டோபர் கடந்து வாடைக்காற்றுத் திரும்பினால் எங்கள் கல்முனைக் கரையோர ஊர்களில் பெண்கள் முதலில் பார்ப்பது வீட்டுக் கூரையை, அடுத்தது கோழிக்கூட்டை. உங்கள் வளவிலும் நாலைந்து ஊர்க்கோழிகள் நிற்குமானால் நான் சொல்லப் போவதில் பாதி உங்களுக்குத் தெரிந்ததாகவே இருக்கும். மற்றப் பாதி என் சொந்தக் குற்றம். அதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நீண்ட நாட்களாக நினைத்துக் கொண்டிருந்தேன்.

கோழி வளர்ப்பில் பெரிய வருமானம் இல்லைதான். ஆனாலும் முட்டைக் காசு பெண்களின் காசு. அதற்கு வீட்டில் யாரும் கணக்குக் கேட்பதில்லை. என் உம்மா சீட்டுக் கட்டியதும், எனக்குக் கொப்பியும் பென்சிலும் வாங்கித் தந்ததும், பெருநாளைக்கு வளையல் வாங்கியதும் மாத்தகரத்தில் போட்டு வைத்த அந்தக் காசில்தான். ஆகவே ஒரு பேடு செத்தால் அது சும்மா ஒரு கோழி செத்ததாக ஆகாது.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு கிழக்கைச் சூறாவளி அடித்தபோது எனக்கு எட்டு வயது. மாலையிலேயே காற்றின் சத்தம் மாறிவிட்டது. உம்மா இருட்டும் வரை பொறுத்திருந்து, கூட்டுக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாகப் பிடித்து வந்து, அடுப்படியில் கடகங்களைக் கவிழ்த்து அவற்றுக்குள் விட்டு, மேலே அம்மிக் குழவியையும் கல்லையும் பாரம் வைத்தார். "மனிசருக்கே ஒதுங்க இடமில்ல, இவள் கோழியைத் தூக்கிக்கொண்டு திரியுறாள்" என்று மூத்தம்மா ஏசியது நினைவிருக்கிறது. நடுச்சாமத்தில் அடுப்படிக் கிடுகு முழுவதும் பறந்து போயிற்று. விடிந்து பார்த்தால் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து கிடக்கின்றன; வெளியே இருந்த கூட்டைக் காணவே இல்லை. கடகத்துக்குள் இருந்த கோழிகள் மட்டும் நனைந்தபடி உயிரோடு நின்றன.

உம்மா இருட்டும் வரை காத்திருந்ததன் காரணம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. இருளில் கோழிக்குக் கண் தெரியாது, ஓடாது, கத்தாது. பகலில் துரத்திப் பிடித்தால் பயந்து மூச்சு வாங்கியே பாதி சோர்ந்து விடும். சூறாவளி என்று அறிவித்தால் கூட்டை நம்பாதீர்கள். அதன் கண் கடந்து போகும் இடங்களில் காற்றுச் சற்று ஓய்ந்து, பின் எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். ஒரு பக்கத்தை மறைத்துக் கட்டிய கூடு அப்போது உதவாது.

சாதாரண மாரிக்குக் கூடு போதும். தரையிலிருந்து மூன்றடி உயரக் கால்கள், வாசல் தென்மேற்குப் பக்கம் பார்த்தபடி, மேலே கிடுகு. தகரம் மழைக்கு நல்லது. ஆனால் கச்சான் வீசும் மாதங்களில் உள்ளே அடுப்புப் போல் கொதிக்கும். கோழிக்கு வியர்ப்பதில்லை, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை ஆற்றும். அந்த நாட்களில் தீனியை விடத் தண்ணீரே முக்கியம். மண்சட்டியில் நிழலில் வைத்து, இரண்டு மூன்று தரம் மாற்றுங்கள். இறகு உதிர்க்கும் காலத்தில் முட்டை நின்று விட்டதே என்று கோழியை அறுத்து விடவும் வேண்டாம். புது இறகு முளைத்ததும் திரும்பவும் இடும்.

மழைக்காலத்தில் நம்மில் பலர் செய்யும் பிழை ஒன்று உண்டு. குளிருமே என்று இரக்கப்பட்டு நான்கு பக்கமும் பொலித்தீன் சுற்றிக் கட்டுகிறோம். நானும் அப்படித்தான் கட்டினேன். காலையில் திறந்தபோது எச்சத்தின் காரநெடி என் கண்ணையே எரித்தது. கோழிக்கு எப்படி இருந்திருக்கும்! சாரல் அடிக்கும் பக்கத்தை மட்டும் மறைத்து, எதிர்ப்பக்கத்தின் மேல்பாதியைத் திறந்து விட வேண்டும். அடியில் உமியை விரல் நீளத்துக்குப் பரப்பி, ஈரமானதை அன்றன்றே அள்ளி விடுங்கள். ஈரத்தில் நிற்கும் குஞ்சுகளுக்கு இரத்தக் கழிச்சல் வரும். புயலைத் தாண்டிய கோழியையும் அதன் பிறகு வரும் ஈரம் சாய்த்து விடுகிறது.

2024 நவம்பர் கடைசி வாரத்தில் வெள்ளம் வந்ததே, அப்போது சாய்ந்தமருதில் எங்கள் வளவுக்குள்ளும் தண்ணீர் ஏறியது. என்னிடம் 14 பேடுகளும் ஒரு சேவலும் இருந்தன. உம்மா செய்தது போலவே இருட்டியதும் பிடித்து விறாந்தைக்குக் கொண்டு வந்தேன். விறகுப் பத்தியில் அடை இருந்த ஒன்றை மட்டும் மறந்து போனேன். அடைக்கோழி முட்டையை விட்டு எழும்பாது. காலையில் அது இருந்த இடத்திலேயே, தண்ணீருக்குள் இருந்தது. மற்றவை தப்பின என்று அல்ஹம்துலில்லாஹ் சொன்னேன்.

இரண்டு கிழமைக்குப் பிறகு இரண்டு பேடுகள் தலையைத் தொங்கப் போட்டுத் தூங்கின. எச்சம் பச்சையாகப் போயிற்று. ராணிகெட் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. அன்று பார்த்து மோட்டார் சைக்கிளில் கோழி வாங்குபவர் வந்து நின்றார். வெள்ளத்துக்குப் பின் கையில் ஒரு சதமும் இல்லை. தூங்கிய இரண்டையும் நல்லதாகத் தெரிந்த மூன்றையும் சேர்த்து விற்று விட்டேன். "ஏன் இதுகள் சோர்ந்திருக்கு?" என்று அவர் கேட்டார். "மழையில நனைஞ்ச" என்றேன். குறையைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று சிறு வயதில் ஓதும்போதே படித்தவள் நான்.

அந்தக் கிழமைக்குள் என்னிடம் எஞ்சி நின்றவற்றிலும் ஏழு செத்தன. இரண்டு பேடுகளே மிஞ்சின. பக்கத்து வீடுகளில் சிலர் செத்ததைத் தோணாவில் எறிந்தார்கள். நான் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தேன். அதை மட்டும் சரியாகச் செய்தேன்.

பிறகு நிந்தவூரிலிருந்து ராத்தா கோல் எடுத்தார். வெள்ளத்தில் போன கோழிகளுக்குப் பதிலாக, வீட்டு வாசலுக்கு வந்த ஒருவரிடம் மூன்று பேடுகள் வாங்கினாராம். அவை வந்து பத்து நாளில் கூட்டில் இருந்த பதினெட்டும் செத்து விட்டனவாம். "ஒண்டு நல்ல வடிவான பேடு. யாரோ ஆசையா வளர்த்திருக்காங்க, காலில சிவப்பு நூல் கட்டியிருந்திச்சு" என்றார்.

அயல்வீட்டுக் கோழிகளோடு மாறிப் போகாமல் இருக்க என் பேடுகளின் காலில் நான்தான் சிவப்பு நூல் கட்டுவேன். அன்று நான் எதுவும் சொல்லவில்லை. "நம்மட றிஸ்க் அவ்வளவுதான்" என்று ராத்தாவே என்னைத் தேற்றினார்.

அதன் பிறகு மிருக வைத்தியரிடம் போய்க் கேட்டேன். வந்த பின் இதற்கு மருந்து இல்லை, வருமுன் தடுப்பு மருந்துதான், அதுவும் நோயில்லாத கோழிக்கே என்றார். மழை இந்த நோயைக் கொண்டு வருவதில்லை. வெள்ளத்துக்குப் பயந்து நாம் நெருக்கி அடைத்து வைக்கும்போதும், சோர்ந்ததை ஊர் ஊராக விற்கும்போதும் அது பரவுகிறது. தடுப்பு மருந்து ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மேல் போடக் கூடியதாக வருகிறது. திறந்தால் வைத்திருக்க முடியாது. பத்துக் கோழிக்காரி தனியே வாங்கினால் மிச்சம் வீண்தான். எனவே கடந்த 2025 செப்டெம்பரில், மாரிக்கு முன்னதாகவே, எங்கள் ஒழுங்கையில் ஆறு வீட்டார் சேர்ந்து ஒரு குப்பி எடுத்தோம். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் கொண்டு வந்து, காலை வெயில் ஏறுமுன் எல்லாக் கோழிக்கும் போட்டு முடித்தோம். சோர்ந்து நின்ற ஒரு சேவலை மட்டும் விட்டு விட்டோம். உங்கள் அயலிலும் இப்படிச் சேர முடியுமா என்று பாருங்கள்.

மிஞ்சிய இரண்டு பேடுகளிலும் பக்கத்து வீட்டு மச்சியிடம் வாங்கிய முட்டைகளை அடை வைத்திருந்தேன். இருபத்தொரு நாளில் பொரித்த குஞ்சுகள் ஒக்டோபர் அளவில் முட்டையிடும் பருவத்துக்கு வந்தன. அவற்றில் நல்லதாக ஆறு விடலைப் பேடுகளைக் கடகத்தில் எடுத்துக்கொண்டு நிந்தவூருக்குப் போனேன். கிணற்றடியில் ராத்தா மீன் கழுவிக் கொண்டிருந்தார். சிவப்பு நூலின் கதையை அங்கேயே நின்று சொன்னேன். அவர் கழுவி முடிக்கும் வரை தலை நிமிரவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு கடகத்தைத் திறந்து பார்த்தார்.

"இதுகளுக்கு மருந்து போட்டிருக்கியா?" என்று கேட்டார்.

போட்டிருக்கிறேன் என்றேன். இருந்தும் மூன்று கிழமை அவற்றைப் பின்வளவில் புறம்பாக அடைத்து வைத்த பிறகே தன் கோழிகளோடு சேர விட்டார்.