அடையாளம் தெரியாமல் வந்த நண்பர்



இந்த வாரச் சிந்தனைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு ராக் இசைத்தொகுப்பு. உங்களில் சிலருக்கு இது வியப்பாக இருக்கலாம். சிலருக்கு வருத்தமாகவும் இருக்கலாம். ஞானப்பாட்டும் கீர்த்தனையும் பாடி வளர்ந்த சபையின் போதகருக்கு மேல்நாட்டு ராக் இசையோடு என்ன உறவு என்று கேட்பவர்களிடம், சற்றுப் பொறுமையாக இறுதிவரை வாசியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிங்க் ஃபிளாய்டு என்ற ஆங்கிலேய இசைக்குழு 1975 செப்டம்பரில் வெளியிட்ட 'விஷ் யூ வேர் ஹியர்' என்ற தொகுப்பை நாற்பது ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். 'நீ இங்கே இருந்திருக்கலாகாதா' என்பது அத்தலைப்பின் பொருள். பிரிந்திருப்பவருக்கு அஞ்சலட்டையில் எழுதும் சாதாரண வாசகம்தான் அது. ஆயினும் அந்தத் தொகுப்பில் அது ஒரு குறிப்பிட்ட மனிதரை நோக்கிய ஏக்கமாக ஒலிக்கிறது.

அந்த மனிதர் சிட் பாரெட். கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தவர். ஓவியம் பயில லண்டனுக்கு வந்தவர். பெற்றோர் இட்ட பெயர் ரோஜர். பிங்க் ஃபிளாய்டு என்ற பெயரைக் குழுவுக்குச் சூட்டியவர் அவரே. தம்மிடமிருந்த இசைத்தட்டுகளால் அறிந்த இரு அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் முதற்பெயர்களை இணைத்து அதை உருவாக்கினார். 1967-இல் வெளிவந்த குழுவின் முதல் தொகுப்பில் பெரும்பாலான பாடல்கள் அவர் எழுதியவை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவருடைய மனம் நிலைகுலையத் தொடங்கிவிட்டது. எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளும் அதில் பங்கு வகித்தது. மேடையில் கிதாரைக் கையில் வைத்துக்கொண்டு வாசிக்காமல் நின்ற இரவுகள் உண்டு. அவருக்குத் துணையாக, கேம்பிரிட்ஜ் நண்பர் டேவிட் கில்மோரைக் குழுவில் சேர்த்தார்கள். 1968 ஜனவரியில் ஒரு நாள், நிகழ்ச்சிக்குப் புறப்பட்ட மற்றவர்கள் வழியில் பாரெட்டை அழைத்துக்கொள்ளாமலே சென்றார்கள். அவரை விலக்க வேண்டும் என்று யாரும் கூடித் தீர்மானம் எடுக்கவில்லை. அன்று அழைக்காமல் சென்றார்கள், அவ்வளவுதான். நம் குடும்பங்களிலும் சபைகளிலும் மனிதர்கள் விடுபட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான் நிகழ்கிறது.

பாரெட் இல்லாமல் குழு வளர்ந்தது. 1973-இல் வெளிவந்த 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' அவர்களை உலகப் புகழுக்கு உயர்த்தியது. அதன் பின் அவர்கள் ஒருவித வெறுமையை அனுபவித்தார்கள். இளமையில் விரும்பிய யாவும் கைக்கு வந்துவிட்டன. இனி எதற்காக வாசிப்பது என்று விளங்கவில்லை. இசைக்கருவிகளே இல்லாமல் வீட்டுப் பொருள்களை மட்டும் கொண்டு ஒரு தொகுப்பு செய்ய முயன்று, அதையும் பாதியில் கைவிட்டார்கள். 1975 ஜனவரியில் லண்டனின் ஆபி ரோடு ஒலிப்பதிவுக்கூடத்தில் அவர்கள் மீண்டும் கூடியபோது நால்வரின் உடல்கள் அங்கே இருந்தன, மனங்கள் வேறெங்கோ இருந்தன. பிற்காலத்தில் அவர்களே இதை ஒளிவின்றிச் சொல்லியிருக்கிறார்கள்.

இந்தத் தொகுப்பை நான் மதிப்பதற்கு முதற்காரணம் இதுவே. பாடல்களில் பெரும்பகுதியை எழுதிய ரோஜர் வாட்டர்ஸ், அந்த வெறுமையை மறைக்க முயலவில்லை. இல்லாமற்போன நண்பரைக் குறித்து எழுதப்பட்ட நீண்ட பாடலோடு, இருந்தும் இல்லாதவர்களாகிவிட்ட தங்களையும் சேர்த்தே பாடுபொருளாக்கினார்.

தொகுப்பில் ஐந்து தடங்களே உள்ளன. 'ஷைன் ஆன் யூ க்ரேஸி டைமண்ட்' என்ற பாடல் ஒன்பது பகுதிகள் கொண்டது. ஏறத்தாழ இருபத்தாறு நிமிடம் நீளும். அதை இரண்டாகப் பிரித்து, தொடக்கத்தில் ஒரு பாதியையும் முடிவில் மறுபாதியையும் வைத்தார்கள். தொடக்கத்தில் ரிச்சர்ட் ரைட்டின் விசைப்பலகை ஒலி விடியற்காலப் பனிபோலப் பரவுகிறது. அதனூடே கேட்கும் மெல்லிய ரீங்காரம், கைவிடப்பட்ட அந்த வீட்டுப் பொருள் முயற்சியில் கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பை ஈரவிரலால் தேய்த்துப் பதிவு செய்தது. வீணாய்ப் போனதென்று ஒதுக்கிய உழைப்பு, வேறொரு நாளில் அடித்தளமாயிற்று. பிறகு கில்மோரின் கிதாரிலிருந்து நான்கு சுரங்கள் ஒலிக்கின்றன. நான்கே சுரங்கள், அவற்றின் பின் நீண்ட மௌனம். மீண்டும் அதே நான்கு. யாரோ ஒருவர் மூடிய வீட்டின் முன் நின்று பெயர் சொல்லி அழைத்து, பதிலுக்குக் காத்திருப்பதுபோல எனக்குத் தோன்றும். பாடகரின் குரல் வருவதற்கு எட்டு நிமிடங்களுக்கு மேலாகிறது. துக்கத்துக்குள் நுழைய இத்தனை அவகாசம் தரும் பாடல்களை நான் அதிகம் கேட்டதில்லை.

நடுவிலுள்ள மூன்று பாடல்களில் 'வெல்கம் டு தி மெஷின்', 'ஹேவ் எ சிகார்' ஆகிய இரண்டும் இசை வணிகத்தின் முகத்தைக் காட்டுகின்றன. பின்னதில் முகமன் கூறியபடியே கலைஞனை விலைபேசும் வணிகராகக் குரல் கொடுத்தவர் குழுவைச் சேராத ராய் ஹார்ப்பர். உறையிலும் இதே பொருள்தான்: இரு கனவான்கள் கைகுலுக்குகிறார்கள், அவர்களில் ஒருவர் தீப்பற்றி எரிகிறார். ஒரு சண்டைக்கலைஞருக்குத் தீத்தடுப்பு உடை அணிவித்து, உண்மையாகவே தீ மூட்டி எடுத்த படம் அது. அந்தப் படத்தையும் கறுப்பு நெகிழித்தாளால் மூடித்தான் முதலில் விற்றார்கள். தொகுப்பின் பொருளே இல்லாமை என்பதால், உறையும் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று எண்ணினார்கள்.

தலைப்புப் பாடலைக் கேட்கும்போது அதன் முதல் நிமிடத்தைக் கூர்ந்து கவனியுங்கள். வானொலியின் குமிழைத் திருகும் ஓசை. பேச்சுக்குரல்களும் வேறு இசையும் கலைந்து கலைந்து வருகின்றன. பின்பு ஒரு கிதார் ஒலிக்கிறது, தொலைவிலிருந்து வானொலி வழியாக வருவதுபோல் மெலிந்து. சற்று நேரத்தில் இன்னொரு கிதார் சேர்ந்துகொள்கிறது. அது நம் அருகில், நிறைவாக ஒலிக்கிறது. அதை வாசிப்பவர் இருமுவதுகூடக் கேட்கிறது. எங்கோ ஒலிக்கும் பாட்டுக்கு, தன் அறையில் தனியே அமர்ந்து ஒருவர் துணை வாசிக்கிறார். நினைவோடு வாழ்கிற மனிதனின் நிலைமை முழுவதும் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது.

1975 ஜூன் மாதத்தில் ஒரு நாள், பாரெட்டைக் குறித்த அந்த நீண்ட பாடலின் வேலையில் அவர்கள் ஈடுபட்டிருந்தார்கள். பருத்த உடலும், மழித்த தலையும், மழித்த புருவமுமாக ஒரு மனிதர் ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் வந்து நின்றார். கையில் ஒரு பை. கூடத்தின் ஊழியர் யாரோ, அல்லது மற்றவர்களில் ஒருவருடைய நண்பர் என்றே குழுவினர் நினைத்தார்கள். சில நேரம் சென்ற பின்னரே, அவர் பாரெட் என்று தெரிந்தது. அவருக்கு வயது இருபத்தொன்பது. அடையாளம் கண்டபோது வாட்டர்ஸ் கண்ணீர் விட்டார் என்று உடனிருந்தோர் கூறியிருக்கிறார்கள். யாரை நோக்கி 'நீ இங்கே இருந்திருக்கலாகாதா' என்று ஏங்கினார்களோ, அவரே அந்த அறையில் இருந்தார். ஒருவருக்கும் அவரைத் தெரியவில்லை.

இந்தத் தொகுப்பை என் கையில் தந்தவர் என் அண்ணன். எண்பதுகளில் சென்னையில் கல்லூரியில் படித்தபோது ஒரு கேசட்டில் பதிவு செய்து ஊருக்குக் கொண்டுவந்தார். எந்தக் கருவி எப்போது வருகிறது என்று விரல் மடக்கிச் சொல்லித்தந்தவரும் அவரே. இருபத்தாறாம் வயதில் அவருக்கு மனநோய் கண்டது. மருத்துவமும் மாத்திரைகளும் இன்றுவரை தொடர்கின்றன. பெற்றோர் காலமான பின், எங்களோடு போதகர் இல்லத்தில் வசிக்கிறார். குறைவாகப் பேசுவார், காலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார், நாளிதழை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பார்.

வீட்டுக்கு வரும் உறவினர்கள் நல்லவர்கள்; அவர்மீது பாசம் உள்ளவர்கள். வந்தவுடன் அவரெதிரில் குனிந்து, "என்னைத் தெரிகிறதா, தம்பி?" என்று கேட்பார்கள். அவர் தலையசைப்பார். பிறகு என்னிடம் திரும்பி, "எப்படி இருந்த பிள்ளை! என்ன அறிவு, என்ன பேச்சு!" என்று கண்கலங்குவார்கள். எல்லாம் இறந்தகாலத்தில்; எல்லாம் அவர் காதுபட. ஒருமுறை அப்படி வந்தவர்கள் விடைபெற்ற பின் அண்ணன் என்னிடம் சொன்னார்: "தம்பி, அவங்க வேற யாரையோ பார்க்க வந்தாங்க. அவன் இங்கே இல்லேன்னு நீயாவது சொல்லியிருக்கலாமே." அவர் குரலில் கோபம் இல்லை. வழி தவறி வந்தவர்களுக்காக வருந்துவதுபோல் சொன்னார்.

அன்றிலிருந்து இந்தத் தொகுப்பை வேறு செவிகளோடு கேட்கிறேன். ஒருவரை நினைவுகூர்வதற்கு அன்பு போதும். அவரை இன்று அடையாளம் காண்பதற்கோ அன்போடு இன்னொன்றும் வேண்டும்: நம் நினைவிலுள்ள உருவத்தைச் சற்றே கீழே வைக்கும் மனம். நோயுற்றவரிடம் "என்னைத் தெரிகிறதா?" என்று கேட்கிறோம். எனக்கு அவரைத் தெரிகிறதா என்பதே நாம் நம்மிடம் கேட்கவேண்டிய கேள்வி.

பாரெட்டின் பிற்கால வாழ்வை நினைத்துப்பாருங்கள். கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, தாயாரின் வீட்டில் தங்கி, படம் வரைந்தார், தோட்டம் வளர்த்தார். சிட் என்ற பெயரை விட்டுவிட்டு ரோஜர் ஆனார். அவருடைய தங்கை அவரைக் கவனித்துக்கொண்டார். பழைய பாடல்களுக்குரிய பணம் அவருக்குத் தவறாமல் சேரும்படி கில்மோர் பார்த்துக்கொண்டார். ஆரவாரமில்லாத அந்த உதவியும் ஒருவகை நட்பே. 2005 ஜூலை 2 அன்று லண்டன் ஹைட் பூங்காவில் நால்வரும் பல்லாண்டுகளுக்குப் பின் ஒரே மேடையில் ஏறியபோது, தலைப்புப் பாடலை வாட்டர்ஸ் பாரெட்டுக்குக் காணிக்கையாக்கினார். உலகமே நெகிழ்ந்தது. அன்றும் பாரெட் கேம்பிரிட்ஜில் உயிரோடுதான் இருந்தார். அடுத்த ஆண்டு ஜூலையில், அறுபதாம் வயதில் காலமானார். உலகம் சிட்டைத் தேடிக்கொண்டிருந்த அந்த முப்பது ஆண்டுகளும், ரோஜரோடு வாழ்ந்தவர்கள் அவருடைய வீட்டாரும் அயலாருமே.

யோவான் சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரம் இங்கே என் நினைவுக்கு வருகிறது. கல்லறையின் அருகே நின்ற மகதலேனா மரியாள், தன் முன்னே நின்ற ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று எண்ணினாள். அவளுடைய அன்பில் குறைவில்லை. அழுது தேடிக்கொண்டிருந்தவள் அவள். ஆனால் அவள் தேடியது ஒரு பிரேதத்தை. எனவே உயிரோடு நின்றவரை அறியமுடியவில்லை. எம்மாவு ஊருக்கு நடந்த இருவருக்கும் இதுவே நேர்ந்தது. தாங்கள் இழந்தவரைக் குறித்து, அவரிடமே வழிநெடுகப் பேசிக்கொண்டு போனார்கள். துக்கம் கண்ணை மறைக்கும் என்பதை வேதம் நன்கு அறிந்திருக்கிறது. அதற்காக அவர்களை ஆண்டவர் கடிந்து தள்ளவில்லை. ஒருத்தியைப் பெயர் சொல்லி அழைத்தார். மற்ற இருவரோடு பந்தியமர்ந்து அப்பத்தைப் பிட்டார்.

அந்த இசைத்தொகுப்பின் இறுதியில் ஒரு சிறு காரியம் உண்டு. நீண்ட பாடலின் கடைசிப் பகுதி மெல்ல அடங்கும் தருவாயில், பாரெட் 1967-இல் எழுதிய 'சீ எமிலி ப்ளே' என்ற பாடலின் மெட்டை ரைட் ஓரிரு கணம் வாசிக்கிறார். கவனியாதவருக்கு அது கேட்காது. நண்பனுக்கு அவர்கள் கொடுக்க முடிந்த கடைசி மரியாதை அது, அழகானது. எனினும் அதுவும் பழைய சிட்டின் மெட்டே. கலையால் அவ்வளவு தூரம்தான் செல்லமுடிந்தது. மீதித் தூரத்தைக் கால்களால்தான் நடக்கவேண்டும்.

ஆகவே, பிரியமானவர்களே, உங்கள் தெருவிலும் உறவிலும் நோயினாலோ முதுமையினாலோ உருமாறிப்போன ஒருவர் இருப்பார். அவரைக் குறித்துப் பழங்கதை பேசாத நாள் இராது; போய்ப் பார்த்து மாதக்கணக்காகியிருக்கும். இந்த வாரம் செல்லுங்கள். அவர் எப்படி இருந்தவர் என்பதை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போங்கள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். நாளிதழில் என்ன வாசித்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள். அந்தப் பாடலே எட்டு நிமிடம் நம்மைக் காக்கவைக்கிறதே.

ஆண்டவரே, நாங்கள் இழந்துவிட்டோம் என்று எண்ணி அழுகிறவர்கள் எங்கள் வாசலில் நிற்கும்போது, அவர்களை இன்றைய முகத்தோடு அறிந்துகொள்ளும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.