கரியடுப்பும் ஒரு காவல்காரனும்

பனி விழ ஆரம்பித்ததும் ஊட்டி, கொடைக்கானல் பக்கமிருந்து அடிக்கடி வரும் செய்தி இது: குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்து, கதவைச் சாத்திவிட்டுப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை.

காரணம், கார்பன் மோனாக்ஸைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தூக்கக் கலக்கம், அப்புறம் மயக்கம். புகையெல்லாம் அடங்கி, கங்கு செக்கச்செவேலென்று ஆனபிறகுதான் 'இனிமே பயமில்ல' என்று அடுப்பை உள்ளே கொண்டுவருகிறார்கள். வில்லங்கமே அதில்தான். புகைக்கான அலாரம் இதைக் கண்டுபிடிக்காது.

குன்னூரில் தனியாக இருக்கும் என் நண்பரின் தாயாருக்கு எண்பது வயது. பெங்களூரிலிருக்கும் பேரன் அவர் வீட்டில் 'ஹோம் அசிஸ்டென்ட்' பொருத்தியிருக்கிறான். 2013-ல் பாலஸ் ஸ்கௌட்சன் என்பவர் ஆரம்பித்த இலவச சாஃப்ட்வேர். நிரல் திறந்தே கிடப்பதால், உலகம் பூரா பலர் கைவைத்து வளர்த்திருக்கிறார்கள். சீட்டுக்கட்டு சைஸ் ராஸ்பெரி பை கம்ப்யூட்டரே போதும். கதவு, வெப்பம், ஈரப்பதம், வாயு என்று வீட்டிலுள்ள சென்சார்கள் எல்லாம் அதனிடம்தான் ஒப்பிக்கும்.

"கடையில விக்கிற ரெடிமேட் பெட்டி வாங்கக்கூடாதா?" என்றேன்.

"ரிவால்வ் கதை தெரியுமா சார்?" என்றான். அமெரிக்காவில் 300 டாலருக்கு விற்ற பெட்டி. அந்தக் கம்பெனியை 2014-ல் நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியதும், வாங்கினவர்கள் வீட்டில் பெட்டி வெறும் பிளாஸ்டிக்.

இவனுடையது வீட்டுக்குள்ளேயே யோசிக்கிறது. மழையில் மரம் விழுந்து நெட் போனாலும் வேலை செய்யும். பெங்களூருக்குத் தகவல் போகத்தான் நெட் வேண்டும். கரன்ட் போனால் யூ.பி.எஸ். வாயு அலாரத்துக்கோ சொந்த பேட்டரி, சொந்தக் குரல். இந்த ஏற்பாடுதான் எனக்குப் பிடித்தது. உயிர் விஷயத்தில் கம்ப்யூட்டரை மட்டும் நம்பக்கூடாது. 300 பி.பி.எம். வந்தால் 3 நிமிஷத்துக்குள் அலற வேண்டும் என்பது ஐரோப்பியத் தரவிதி. (கைதட்டினால் விளக்கு எரிவதெல்லாம் விருந்தாளிக்குக் காட்டத்தான்.)

பாட்டி மசியவில்லை. "அந்தக் காலத்துல கரியடுப்ப வெச்சுக்கிட்டுதாம்ப்பா தூங்கினோம். செத்தா போயிட்டோம்?"

நியாயமான கேள்வி. அந்தக் காலத்து ஓட்டு வீட்டில் சந்து பொந்தெல்லாம் காற்று. வெள்ளைக்காரன் பங்களாவில் கணப்புக்குப் புகைபோக்கி இருந்தது. இப்போது கான்கிரீட் கூரை, இடுக்கில்லாத கண்ணாடி ஜன்னல். வாயு எங்கே போகும்?

பாட்டி யோசித்தார். "சரி, அது கத்தினா நான் என்ன பண்ணணும்?"

"கதவைத் திறந்துட்டு நேரா வாசலுக்கு வந்துடணும் பாட்டி. அடுப்பைத் தூக்கிட்டு வர்றேன்னு நிக்கக்கூடாது."

"இந்தக் குளிர்லயா?" என்றார். ஆனாலும் அன்றைக்கே ஒரு கம்பளியைக் கொண்டுவந்து வாசல் கதவு ஆணியில் மாட்டிவிட்டார்.