பிக்கப்பை எத்தனை இஞ்ச் தூக்கலாம்? டெல்டாவிலிருந்து ஒரு நீண்ட இழை

1/
டெல்டாவுல பிக்கப் வச்சிருக்கிற பசங்க மழைக்காலம் நெருங்கினா கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "வண்டிய லிஃப்ட் பண்ணலாமா? 2 இஞ்சா, 4 இஞ்சா?" என் தம்பியும் கேட்டான். அவனுக்குச் சொன்னதக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்க எழுதுறேன். நீளமான இழை. டீ போட்டுட்டு வாங்க.

2/
முதல்ல என் தகுதி. நான் எம்.பி.பி.எஸ்., அரசு மருத்துவமனை டாக்டர். மெக்கானிக் இல்ல. ஆனா இந்த விஷயத்துக்கு ரெண்டு பக்கத்துலயும் எனக்குத் தொடர்பு உண்டு. வண்டி நிக்கிறது எங்க வீட்டு வாசல்ல. வாய்க்கால் கரையில கவிழ்ந்த வண்டியிலேருந்து தூக்குன ஆளக் கொண்டுவந்து இறக்குறது எங்க கேசுவால்டி வாசல்ல.

3/
தம்பியோட வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், செகண்ட் ஹேண்ட். ஆந்திராவுல ஸ்ரீசிட்டி தயாரிப்பு, 2016லேருந்து இந்தியாவுல ஓடுது. முன்சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஆடுற காயில் ஸ்பிரிங் சஸ்பென்ஷன். பின்னாடி ஒரே அச்சு, லீஃப் ஸ்பிரிங். ஃபோர் வீல் டிரைவ் உண்டு. திருவையாறு பக்கம் கொள்ளிடம் படுகையில வாழை, கரைக்கு இந்தப் பக்கம் நெல். ரெண்டுக்கும் நடுவுல ஓடுறதுதான் இந்த வண்டியோட வேலை.

4/
ஒரு கடையில 4 இஞ்ச் கிட்டுக்கு ஒண்ணேகால் லட்சம் சொல்லியிருக்காங்க. கிட்டத்தட்ட பணம் கட்டப் போற நேரத்துலதான் எனக்கு போன் பண்ணினான். "அண்ணே, எந்த கிட்டு நல்லது?" நான் கேட்டது: "மொதல்ல உனக்கு என்னடா பிரச்சினை?"

ஓபிக்கு வந்தவுடனே "டாக்டர், எனக்கு ஒரு ஸ்கேன் எழுதுங்க"ன்னு கேக்குறவங்கள்ட்டயும் இதே கேள்விதான்.

5/
யோசிச்சு நாலு சொன்னான்.
அ) மழை பெஞ்சா படுகைப் பாதையில சக்கரம் புதையுது.
ஆ) உர மூட்டை ஏத்தினா பின்பக்கம் உக்காந்துருது.
இ) கரை ஏறி அந்தப் பக்கம் இறங்கும்போது அடி தட்டுது.
ஈ) வெள்ளம் வந்தா தண்ணில போகணும்.
அஞ்சாவது ஒண்ணு சொல்லாம விட்டான். அது எனக்கே தெரியும். கெத்து. அதுவும் மனுஷத் தேவைதான், கிண்டல் பண்ணல. ஆனா அதுக்குத் தனிக் கணக்கு போடணும்.

6/
சரி, லிஃப்ட் கிட்டுன்னா என்ன? மூணு வகையாப் பிரிச்சுக்கலாம்.
ஸ்பேசர்: இருக்குற ஸ்பிரிங்குக்கு மேல ஒரு கட்டைய வச்சு உயரம் ஏத்துறது. விலை கம்மி. சக்கரம் கீழ இறங்குற தூரம் குறைஞ்சுபோகும்.
ஸ்பிரிங் கிட்: காயில், ஷாக் அப்சார்பர், பின்பக்க லீஃப் எல்லாமே மாத்துறது. ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன் மாதிரி ஆஸ்திரேலிய பிராண்டுகள் இந்த வகை.
பாடி லிஃப்ட்: சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவுல கட்டை. அடியில இருக்குற சேசிஸ் இருந்த இடத்துலயே இருக்கும். தரைக்கும் வண்டிக்கும் இடைவெளி துளிகூடக் கூடாது.

7/
இப்ப ஒரு டாக்டர் ஜோக். நாங்க டிஃபரன்ஷியல்னா ஒரு அறிகுறிக்கு என்னென்ன நோய் இருக்கலாம்ங்கிற பட்டியல். மெக்கானிக்குக்கு டிஃபரன்ஷியல்னா பின் அச்சு நடுவுல தொங்குற இரும்பு உருண்டை. சேத்துல மொதல்ல போய் மாட்டுறது பெரும்பாலும் அந்த உருண்டைதான்.

ஸ்பிரிங்க எவ்வளவு உசத்தினாலும் அது ஏறாது. ஏன்னா அது ஸ்பிரிங்குக்குக் கீழ, அச்சோட இருக்கு. அத உசத்த ஒரே வழி பெரிய டயர். அதுலயும் விட்டம் 1 இஞ்ச் கூடினா உயரம் அரை இஞ்ச்தான் கூடும்.

8/
இப்ப (அ). சக்கரம் புதையுறதுக்கு உயரம் மருந்தா?
நம்ம மண்ணு களிமண். இதுக்கு பதில் நம்ம வயல்லயே நிக்குது. குறுவை அறுவடை மழையில மாட்டினா எந்த மெஷினத் தேடுவோம்? டயர் வண்டியயா, பெல்ட் வண்டியயா? பெல்ட் வண்டி வாடகை கூடுதல்னாலும் அதத்தான் கூப்பிடுவோம். உயரமா இருக்குறதுக்காகவா? இல்ல. எடைய அகலமான பரப்புல பரப்பி வைக்கிறதால. உழவுக்கு டிராக்டர்ல கேஜ் வீல் மாட்டுறதும் கிட்டத்தட்ட அதே தத்துவம்தான்.

9/
சேத்துல ஜெயிக்கிறது உயரம் இல்ல, தரையத் தொடுற பரப்பும் டயரோட பல்லும். தம்பி வண்டியில போட்டிருந்தது தார் ரோட்டு டயர், பல்லு பாதி தேஞ்சது. காத்து எப்பவும் கும்முனு அடிச்சு வச்சிருப்பான். சேத்துப் பாதைக்கு முன்னாடி, வண்டி காலியா இருக்கும்போது காத்த 20 பி.எஸ்.ஐ. பக்கம் இறக்கினா டயர் தரையில நீளமாப் படியும். அதுக்கு ஆகுற செலவு பூஜ்யம். ஒரு நிபந்தனை: தார் ரோட்டுக்கு ஏறுறதுக்கு முன்னாடி திரும்ப அடிச்சாகணும். காத்து கம்மியா வேகமா ஓட்டினா டயர் சூடாகி வெடிக்கும். ஒரு சின்ன கம்ப்ரசர் வண்டியிலேயே இருக்கட்டும்.

10/
(ஆ) பின்பக்கம் உக்காருறது. இதுக்கு நேர்ல போய்ப் பாத்தேன். காலி வண்டியிலேயே லீஃப் ஸ்பிரிங் வளைவு போய்த் தட்டையா இருந்துச்சு. ஒரு ஷாக் அப்சார்பர்ல எண்ணெய் கசிஞ்சு மண்ணு ஒட்டியிருந்துச்சு.
யூரியா மூட்டை 45 கிலோ, டி.ஏ.பி. 50 கிலோ. பத்து மூட்டை போட்டா கணக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க. மொதல்ல ஆர்.சி.யில எவ்வளவு சுமைக்கு அனுமதின்னு பாக்கணும். அதுக்கு மேல ஏத்தினா எந்த கிட்டும் காப்பாத்தாது, போலீசும் விடாது.

11/
ஸ்பிரிங் வாங்கும்போது கேக்க வேண்டிய கேள்வி "எத்தனை இஞ்ச்" இல்ல. "எத்தனை கிலோ?" நல்ல கம்பெனிகள் காலி வண்டிக்கு, எப்போதாவது சுமைக்கு, எப்பவும் சுமைக்குன்னு தனித்தனி ஸ்பிரிங் போடுறாங்க. வருஷத்துல முப்பது நாள் சுமை ஏத்துறவன் எப்பவும் சுமைக்கான ஸ்பிரிங்கப் போட்டா மிச்ச நாளெல்லாம் முதுகு உடையும். அம்மாவ செக்கப்புக்குக் கூட்டிட்டு வர்றதும் இதே வண்டியிலதான்.

12/
(இ) அடி தட்டுறது. இதுல நியாயம் இருக்கு. கரை மேல ஏறி நடுவயிறு தட்டுறதுக்கு 2 இஞ்ச் நிஜமாவே உதவும். மறைக்கல.
ஆனா எங்க தட்டுதுன்னு குனிஞ்சு பாத்தோம். சேசிஸ்ல ஒரு கீறல் இல்ல. கீறல் முழுக்க பழைய ஓனர் வெளியில வாங்கி மாட்டின ஃபுட்போர்டுல. அதுதான் எல்லாத்துக்கும் கீழ தொங்கிட்டு இருந்துச்சு. கழட்டியாச்சு. அம்மா ஏறுறதுக்கு ஒரு முக்காலி வண்டியிலேயே கிடக்குது.

13/
4 இஞ்ச் தூக்கினா என்னென்ன மாறும்னு கடையில முழுசாச் சொல்ல மாட்டாங்க. நான் சொல்றேன்.
முன்சக்கரத்துக்குச் சுத்து கடத்துற சி.வி. ஜாயின்ட் செங்குத்தான கோணத்துல வேலை செய்யணும். அதோட ரப்பர் உறை சீக்கிரம் கிழியும். கிரீஸ் வெளிய, களிமண் உள்ள. முட்டி குருத்தெலும்பு தேயுற மாதிரியே தேயும்.
வீல் அலைன்மென்ட் மாறும். ஸ்டியரிங் தானா நேருக்குத் திரும்புறது குறையும். மேல் கன்ட்ரோல் ஆர்ம் மாத்தணும், பிரேக் ஹோஸ் நீளம் பத்துதான்னு பாக்கணும். ஒண்ணேகால் லட்சம் ஆரம்ப விலைதான்.

14/
இப்ப என் துறை. வண்டி கவிழுமாங்கிறதுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. ரெண்டு சக்கரத்துக்கு இடையில உள்ள அகலத்துல பாதிய, எடை மையத்தோட உயரத்தால வகுக்கணும். அமெரிக்காவுல கார்களுக்கு கவிழும் அபாய நட்சத்திரம் கொடுக்கும்போது இந்த எண்ணையும் பயன்படுத்துறாங்க. எண் குறைஞ்சா ஆபத்து கூடும்.
ஒரு உதாரணம்: அகலம் 157 செ.மீ., மையம் 70 செ.மீ. உயரத்துலன்னு வைங்க. 1.12 வரும். 4 இஞ்ச் தூக்கி மையம் 8 செ.மீ. ஏறினா 1.01. பத்துல ஒரு பங்கு போச்சு. மேல மூட்டை ஏத்தினா இன்னும் போகும்.

15/
நெடுஞ்சாலையில அந்தப் பத்துல ஒரு பங்கு தெரியாம போகலாம். நம்ம ரோடு எப்படி? ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல், நடுவுல ஒரு வண்டி போற அகலம். எதிர்ல டவுன் பஸ் வந்தா ஒரு சக்கரத்த மண்ணுல இறக்கணும். மழையில ஊறின கரை ஓரம் சரியும். அந்த ஒரு நொடிக்குத்தான் அந்த எண் வேணும்.
கவிழ்ந்த வண்டியிலேருந்து வர்ற கேஸ்ல எனக்குப் பயம் ரத்தம் இல்ல, கழுத்து. சீட் பெல்ட் போடாம பின்னாடி கேரியர்ல உக்காந்து வந்தவங்க பத்தி எழுத ஆரம்பிச்சா இழை முடியாது.

16/
வண்டிக்கு வெளிய இருக்குறவங்க? பானட் உயரம் கூடக் கூட நடந்து போறவங்களுக்கு ஆபத்து கூடுது. அமெரிக்காவோட ஐ.ஐ.எச்.எஸ். அமைப்பு 2023ல வெளியிட்ட ஆய்வு: 40 இஞ்சுக்கு மேல பானட் உயரமுள்ள வண்டி மோதினா, 30 இஞ்சுக்குள்ள சரிவான முகப்பு இருக்குற வண்டிய விட நடந்துபோறவர் இறக்குற வாய்ப்பு சுமார் 45% கூடுதல். கால்ல பட வேண்டிய அடி நெஞ்சுலயும் தலையிலயும் படும். நம்ம ரோட்டுல பாதி நெல்லு காயுது, பக்கத்துலயே புள்ளைங்க விளையாடுது. உயரமான பானட்டுக்கு முன்னாடி நிக்கிற நாலு வயசுப் புள்ள டிரைவர் கண்ணுக்குத் தெரியாது.

17/
சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52. வண்டிய நிறுவனத்தோட அசல் வடிவமைப்புக்கு மாறா மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் சொல்லியாச்சு. அதே வருஷம் வந்த திருத்தத்துல பிரிவு 182ஏ: அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்ல ஆறு மாசம் வரை சிறை, இல்ல ரெண்டும். "எல்லாரும்தான் போடுறாங்க"ன்னு சொல்வாங்க. விபத்து நடந்த அன்னிக்கு இன்சூரன்ஸ்காரர் அப்படிச் சொல்ல மாட்டார்.

18/
(ஈ) வெள்ளம். இதுதான் எனக்கு முக்கியம்.
2018 ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்புல கொள்ளிடம் மேலணை மதகுகள் உடைஞ்சது ஞாபகம் இருக்கும். அந்த மாசம் படுகை என்ன நிலைமையில இருந்துச்சுன்னு நம்மாளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஓடுற தண்ணி 1 அடி இருந்தா சின்னக் கார இழுத்துடும், 2 அடி இருந்தா பெரும்பாலான வண்டிகள இழுத்துடும்னு அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கை சொல்லுது. 4 இஞ்ச் லிஃப்ட் போட்டா அந்த எல்லை 4 இஞ்ச் தள்ளிப்போகும். கொள்ளிடம் ஒரே ராத்திரியில அதவிடப் பல மடங்கு ஏறும். தண்ணிக்கு அடியில ரோடு இருக்கா, அரிச்சுட்டுப் போயிருச்சாங்கிறது எந்த கிட்டுக்கும் தெரியாது.

19/
டொயோட்டா ஹைலக்ஸுக்கு 700 மி.மீ. வரை தண்ணியில போகலாம்னு கம்பெனியே சொல்லுது. அதெல்லாம் தேங்கி நிக்கிற தண்ணிக்கு, மெதுவாப் போறதுக்கு.
கஜா வந்த 2018 நவம்பர் 16 காலையில வேதாரண்யத்துலேருந்து பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் ரோட்ட மறிச்சது எது? விழுந்த தென்னையும் கரண்ட் கம்பமும். வழி திறந்தது மரம் அறுக்குற மெஷினும் ஜே.சி.பி.யும். இந்த டெல்டா முழுக்க ராத்திரி பகலா ஓடுற 108 வண்டிக்கு லிஃப்ட் கிடையாது.

20/
கடைசியா தம்பி வண்டிக்குச் செஞ்சது: கம்பெனி உயரத்துக்கே புது ஷாக்கும் அவன் சுமைக்கு ஏத்த லீஃப் ஸ்பிரிங்கும். அனுமதிச்ச அளவுலயே பல்லு ஆழமான ஆல் டெரெய்ன் டயர். கம்ப்ரசர், இழுவைக் கயிறு, மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில போட ரெண்டு பலகை. சக்கர நடுவுலேருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து பாத்தா பின்பக்கம் முன்ன இருந்தத விட ஒண்ணரை இஞ்ச் கூடுதல். லிஃப்ட் இல்ல அது. வண்டி வயசாகி இழந்த உயரம் திரும்பி வந்தது, அவ்ளோதான். ஒண்ணேகால் லட்சத்துல கணிசமா மிச்சம். "கெத்து கம்மிதாண்ணே"ன்னான். ஒத்துக்கிட்டேன்.

21/
உங்க வண்டிக்கு வேற பதில் வரலாம். பாறையும் கல்லுமா இருக்குற மலைப்பாதையில தினமும் ஏறுறவங்களுக்கு 2 இஞ்ச் நியாயமான கேள்வி. ஆஸ்திரேலியாவுல பல மாநிலங்கள் அந்த அளவோட நிறுத்தி, அதுக்கு மேலன்னா இன்ஜினியர் சான்று கேக்குறாங்க. வரிசை மட்டும் மாறக்கூடாது: மொதல்ல பிரச்சினை, அப்புறம் குனிஞ்சு பாக்குறது, அப்புறம் டயரும் காத்தும், தேஞ்சத மாத்துறது. கிட்டு கடைசி.

22/
இந்த இழையில ஒண்ணே ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும்னா இது: தரைப்பாலத்து மேல தண்ணி ஓடுதுன்னா உங்க வண்டி எத்தனை இஞ்ச் உயரம்னு கணக்குப் போடாதீங்க. நிறுத்துங்க. உள்ள நோயாளி இருந்தா 108க்கு போன் பண்ணி நிலைமையச் சொல்லுங்க, சுத்து வழி கேளுங்க. அரை மணி நேரம் தாமதமா வந்த நோயாளிக்கு எங்களால எவ்வளவோ செய்ய முடியும். வந்து சேராதவருக்கு ஒண்ணும் செய்ய முடியாது.

கேள்வி இருந்தா கீழ கேளுங்க. டூட்டி முடிச்சுட்டு வந்து பதில் போடுறேன்.