பாமினிக் கோப்புகள்

ஜூன் 3, 2024

கடையை இன்றோடு மூடிவிட்டார்கள். திருவல்லிக்கேணிச் சந்தில் கல்யாணப் பத்திரிகை, கட்சி நோட்டீஸ், ஆய்வேடு, கவிதைத் தொகுப்பு என்று எது வந்தாலும் அடித்து, பக்கம் கட்டி, மெய்ப்புப் பார்த்துக் கொடுத்த டிடிபி கடை. முதலாளி கடைசி மாதச் சம்பளத்தை முழுசாக எண்ணிக் கொடுத்தார். பேஜ்மேக்கர் ஓடும் பழைய கம்ப்யூட்டரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். "உனக்கென்னம்மா, கையில தொழில் இருக்கு. எங்க போனாலும் பொழைச்சுப்ப" என்றார். பேசும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

இதுவரை நான் டைரி எழுதியதில்லை. இன்று எழுதி வைக்க வேண்டும் போலிருக்கிறது.

ஜூன் 5

தூக்கமில்லை. ஆகஸ்டில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம்.

ஜூன் 11

வாட்ஸப்பில் ஒரு செய்தி. வீட்டிலிருந்தே டைப்பிங், பக்கத்துக்கு 40 ரூபாய். மனசு ஒரு நிமிடம் துள்ளியது. கீழே, பதிவுக் கட்டணம் 2,500 என்று இருந்தது. மகள் படித்துவிட்டு, "வேலை குடுக்கிறவன் நம்மகிட்ட எதுக்கும்மா காசு கேக்கிறான்?" என்றாள். அந்த எண்ணை அவளே பிளாக் செய்தாள். இப்படிப் பணத்தைக் கட்டி ஏமாந்தவர்கள் உடனே 1930-க்கு அழைத்துப் புகார் சொல்லலாமாம். எங்கள் தெருவில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜூன் 14

மகள் உட்கார்ந்து ஃபைவர் என்ற இணைய வேலைத் தளத்தில் கணக்குத் திறந்து கொடுத்தாள். அங்கே விற்பவர் வாங்கும் தொகையில் 20 சதவீதம் தளத்துக்குப் போய்விடும். ஐந்து டாலருக்கு வேலை செய்தால் நாலு டாலர் வரும். "தமிழ் டைப்பிங்" என்று தேடினால் பக்கம் பக்கமாக ஆட்கள். எல்லாரும் விலையைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள்.

"டைப்பிங் தவிர வேற என்னம்மா தெரியும் உனக்கு?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லாமல் எழுந்து போய் அரிசி களைந்தேன். அவள் கேட்டதில் தப்பில்லை. கோபம் மட்டும் அடங்க ராத்திரி ஆயிற்று.

ஜூன் 30

ஒருவரும் கேட்கவில்லை.

ஜூலை 8

டொராண்டோவிலிருந்து ஒரு பெரியவர் அழைத்தார். யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்தவர். நான் முன்பு பக்கம் கட்டிக் கொடுத்த ஒரு கவிஞர் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். தொண்ணூறுகளில் அவர் எழுதி வைத்த கட்டுரைகள் குறுவட்டில் இருக்கின்றனவாம். இப்போது திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரிகின்றன. "எல்லாம் அழிஞ்சு போச்சோ பிள்ளை?" என்று கேட்டார்.

அனுப்பச் சொல்லித் திறந்து பார்த்தேன். முதல் வரியிலேயே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று அடிக்க விரல் போகும் வழி அதுதான். "அழியல ஐயா, அப்படியே இருக்கு" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. ஒன்றில் அடித்ததை இன்னொன்று படிக்காது. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழ் 1991-லேயே இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு அதைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010-இல்தான். இடையில் அடித்த புத்தகங்கள், மலர்கள், கணக்குகள் எத்தனை பேர் பெட்டியில் இப்படிக் கிடக்கின்றனவோ!

ஜூலை 12

பொங்குதமிழ் மாதிரி இலவச மாற்றிகள் உண்டு. ஒட்டினால் நொடியில் ஒருங்குறியாகிவிடும். பிறகுதான் வேலையே தொடங்குகிறது. கோப்பில் இருந்த ஆங்கிலச் சொற்களையும் அந்த மாற்றி பொருளில்லாத தமிழ் எழுத்துக் குவியலாக்கித் தந்துவிடும். "கௌரவம்" என்பது சில நேரம் "கெளரவம்" ஆகிவிடும். பழைய தட்டச்சர்கள் அவசரத்தில் ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலைப் போட்டிருப்பார்கள். "அவர்" என்பதற்கு "அவா்" என்று இருக்கும். தாளில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கம்ப்யூட்டரில் தேடினால் கிடைக்காது. கண்ணை ஏமாற்றும் பிழை இது. எங்கே வரும் என்று தெரிந்தவர்தான் தேடிப் பிடிக்க முடியும்.

மதியம் சாப்பிட மறந்துவிட்டேன்.

ஜூலை 19

மகளின் தோழி, "இதெல்லாம் ஏஐ செஞ்சிடும் ஆன்ட்டி" என்றாள். பயமாகத்தான் இருந்தது. ஒரு பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தோம். ஒற்றுப்பிழை பலவற்றைச் சரியாகவே பிடித்தது. ஆனால் "கதிரை"யை "நாற்காலி" ஆக்கியது. "பாவித்தோம்" என்பதைப் "பயன்படுத்தினோம்" ஆக்கியது. பெரியவர் வீட்டு முற்றத்தில் கிடந்தது கதிரைதான். அதை மாற்ற யாருக்கும் உரிமையில்லை. நான் ஒவ்வொன்றாகத் திரும்ப வைத்தேன். புரியாத சொல் வந்தால் குறித்துவைத்து அவரிடமே கேட்கிறேன்.

ஜூலை 27

மின்சாரம் இல்லை. வேலையும் இல்லை.

ஆகஸ்ட் 2

முதல் தொகுதி முடிந்தது. பக்கத்துக்கு 15 ரூபாய் போட்டு அனுப்பினேன். கடையில் வாங்கிய கணக்கு அது. பெரியவர் அழைத்தார். "பிள்ளை, இது காணாது. இன்னொருக்கால் கணக்குப் பாத்துச் சொல்லும்" என்றார். எனக்கு வாய் வரவில்லை. என் உழைப்புக்கு விலை சொல்லும்படி இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. விலை எப்போதும் சுவரில் ஒட்டியிருக்கும், முதலாளி ஒட்டியது.

40 என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "அது நியாயம்" என்றார்.

ஆகஸ்ட் 7

பேபாலில் பணம் வந்து, அங்கிருந்து வங்கிக் கணக்குக்கும் வந்துவிட்டது. பான் எண்ணும், எந்த வேலைக்கான பணம் என்று சொல்லும் குறியீடும் கொடுக்க வேண்டியிருந்தது. சேவைத் தொழிலில் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று பக்கத்துத் தெரு ஆடிட்டர் சொன்னார். ஆனாலும் ரசீதுகளை ஒழுங்காக அடுக்கி வைக்கச் சொன்னார். நோட்டில் எழுதி வைக்கிறேன்.

கட்டணத்தில் பாதி தேறிவிட்டது. மீதிக்கு வளையலை அடகு வைத்தேன்.

ஆகஸ்ட் 22

உள்ளூர் ஆள் ஒருவர் தன் ஆய்வேட்டைத் திருத்தி வாங்கிக்கொண்டார். அனுப்பிய நாளிலிருந்து போனை எடுக்கவில்லை. இன்று முழுக்க எதிலும் மனம் செல்லவில்லை. கண்ணும் வலிக்கிறது. கடையில் இருந்தால் நாலு பேர் இருப்பார்கள். திட்டித் தீர்த்துவிட்டு டீ குடிக்கலாம். வீட்டில் திட்டுவதற்குக்கூட ஆளில்லை.

ஆகஸ்ட் 23

இனி பாதிப் பணம் முன்பணம். உள்ளூர், வெளியூர் எல்லாருக்கும்.

செப்டம்பர் 4

மகள் ஃபைவர் கணக்கைத் திருத்த உட்கார்ந்தாள். "டைப்பிங்னே இருக்கட்டுமாம்மா?" என்றாள். எடுக்கச் சொன்னேன். "பாமினி முதலான பழைய எழுத்துருக் கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றி, வரிக்கு வரி மெய்ப்புப் பார்த்துத் தரப்படும். எழுதியவரின் ஊர்ச்சொல் மாற்றப்படாது" என்று நான் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள்.

செப்டம்பர் 15

பெரியவரின் இரண்டாம் தொகுதி இன்னும் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று அவர் மகன் தகவல் அனுப்பினார். ஆய்வேட்டுப் பணமும் வரவில்லை. வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. புதிதாக இரண்டு பேர் விசாரித்திருக்கிறார்கள். ஒருவரிடம் அவர் தந்தை எழுதிய சித்த மருத்துவக் குறிப்புகள் குறுவட்டில் இருக்கின்றனவாம்.

இதைப் படிப்பவர் வீட்டில் பழைய குறுவட்டோ, திறந்தால் தாறுமாறாகத் தெரியும் தமிழ்க் கோப்போ இருந்தால் குப்பையில் போடாதீர்கள். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் அதன் பெயரையும் கூடவே எழுதி வையுங்கள். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறோம். கொடுங்கள், கூலியைப் பேசிக் கொடுங்கள்.