தேய்மானம் தெரியாத பெல்ட்

சிங்காநல்லூரில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். அவருக்குக் கடை கிடையாது. டூல்ஸ் பெட்டியை எக்செல் வண்டியின் முன்னால் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் வேலை செய்கிறார். பழைய கார்களின் டைமிங் பெல்ட் என்றால் அவரைத்தான் தேடுகிறார்கள். ஒரு நாள் நானும் கூடப் போனேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய 2004 மாடல் சான்ட்ரோ. கடைவீதிக்கும் கோயிலுக்கும் தவிர வேறெங்கும் போகாத வண்டி. "இவ்வளவு கம்மியா ஓடின வண்டிக்கு இப்பவே மாத்தணுமா?" என்று ஆசிரியருக்குச் சந்தேகம்.

"ஓடாம நின்னாலும் ரப்பருக்கு வயசாகுமுங்க சார்."

என்ஜினின் கீழே சுற்றும் கிராங்க்கையும் மேலே வால்வுகளைத் திறக்கும் கேமையும் சேர்த்துப் பிடித்திருப்பது இந்தப் பல்வைத்த ரப்பர் பட்டைதான். உள்ளே கண்ணாடி நாரிழை ஓடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடும். ஓட்டத்தில் பெல்ட் அறுந்தால், பல என்ஜின்களில் திறந்தபடி நிற்கும் வால்வில் பிஸ்டன் மோதும். பிறகு சிலிண்டர் ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும்.

பேட்டரி வயரைக் கழற்றி, ஜாக்கி போட்டு, கீழே ஸ்டாண்டும் கொடுத்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினார். பலம் தேவைப்பட்டது ஒரே இடத்தில், கிராங்க் புல்லி போல்ட்டில். உதவிக்கு வந்த பையனைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, ஐந்தாம் கியரில் போட்டு, ஸ்பேனர் பிடியில் நீளமான இரும்பு பைப்பைச் செருகி இழுத்தார். 'டக்' என்றது. "விடாதீங்க அண்ணா" என்றான் பையன், பயத்தில் இன்னும் பிரேக்கை அமுக்கிக்கொண்டு.

அதற்குமேல் எல்லாமே பொறுமைதான். பழைய பெல்ட்டைத் தொடும் முன்பே கேம் சக்கரத்துக் குறியும் ஹெட்டிலுள்ள குறியும் நேராக வந்ததா, கீழேயும் அப்படியே வந்ததா என்று டார்ச் அடித்துப் பார்த்தார். கழற்றிய பெல்ட்டைப் பின்பக்கமாக மடித்துக் காட்டினார். பற்களின் அடியில் மயிரிழை வெடிப்புகள். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அதன்பின் கேள்வி கேட்கவில்லை.

புது பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் மாறியது. ஓரத்து ஆயில் சீலும் மாறியது. எண்ணெய் பட்டால் நல்ல பெல்ட்டும் சீக்கிரம் கெடும். எனக்கு இந்த வேலையின் உயிரே கடைசிக் கட்டத்தில்தான் இருப்பதாகப் பட்டது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க்கை என்ஜின் ஓடும் திசையிலேயே கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகளை மறுபடி பார்த்தார். ஒரு பல் தள்ளியிருந்தது. முணுமுணுக்கவில்லை, பெல்ட்டை இறக்கி மறுபடி மாட்டினார். சாவியைத் திருப்பிப் பார்த்துக்கொள்ளலாம் என்று இந்தச் சுற்றைத் தவிர்க்கிறவர்களும் உண்டாம்.

ஸ்டார்ட் செய்தபோது வண்டி முன்பு எப்படி ஓடியதோ அப்படியே ஓடியது. இந்தத் தொழிலாளிக்கு வரும் சங்கடமே அதுதான்: வேலை சரியாக நடந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதனால் கூலியில் பேரம் பேசுகிறார்கள். ஆசிரியர் பேசவில்லை.

டைமிங் பெல்ட் உள்ள பழைய கார் வாங்குகிறவர்கள் பெயின்ட்டையும் சீட் கவரையும் பார்ப்பதோடு, பெல்ட் எப்போது மாற்றியது என்று பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள்.