முன்கூட்டியே ஒரு நன்றி

ரொறொன்ரோவில் தைப்பொங்கலன்று சூரியன் எழும்ப 7.45 தாண்டிவிடும். அதற்குள் பிள்ளைகள் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு வெளிக்கிட வேண்டும். பெரியவர்களில் பாதிப்பேர் வேலைக்குப் போயிருப்பார்கள். ஆகவே எங்கள் வீட்டில் இருட்டோடு இருட்டாகப் பொங்கிவிடுவோம். சூரியனுக்கு முன்கூட்டியே ஒரு நன்றி.

யாழ்ப்பாணத்தில் பொங்கல் முற்றத்து வேலை. மெழுகிய நிலம், அரிசிமாக் கோலம், மூன்று கல், புதுப்பானை, சீனவெடி. இங்கே கண்ணாடித்தட்டு மின்னடுப்பு. மண்பானை அதற்குச் சரிவராது; அடி தட்டையான எவர்சில்வர் பானைதான். பால் பொங்கி வழியவும் வேண்டும், அடுப்பில் சிந்தவும் கூடாது. சிந்தினால் கருகிப் பிடித்துவிடும். புகை எழும்பினால் கூரையில் இருக்கிற எச்சரிக்கை மணி வீட்டையே அலறவைக்கும். நுரை விளிம்புக்கு வந்ததும் அம்மா "பொங்கிட்டுது, பொங்கிட்டுது" என்பார். மனைவியின் கை உடனே சூட்டைக் குறைக்கும். ஒரு கரண்டிப் பாலைக் கிழக்குப் பக்கமாக வழியவிட்டுத் தட்டில் ஏந்திக்கொள்வோம். கராஜ் கதவைத் திறந்துவைத்துக் காஸ் அடுப்பில் பொங்குகிற தைரியசாலிகளும் உண்டு. ஆனால் வெண்பனியில் போட்ட அரிசிமாக் கோலம் எவர் கண்ணுக்கும் தெரியாது.

கனடிய நாடாளுமன்றம் 2016இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அங்கீகரித்தது. சந்தோஷம், இலங்கையில் கிடைக்கிற லீவுதான் இல்லை. அதனால் கொண்டாட்டம் சனி, ஞாயிறுக்கு நகர்ந்து, ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று மாதம் முழுக்க மண்டபம் மண்டபமாக நீள்கிறது. மூன்றாம் வாரம் சர்க்கரைப் பொங்கல் திகட்டிவிடும். பேச்சுகள் அதற்கு முன்பே.

இருந்தாலும், சூரியனுக்கு ஏன் விழா என்பது இந்தக் குளிரில்தான் எனக்கு உறைத்தது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். அங்கே சூரியன் எங்கே போனார், திரும்பி வர? ரொறொன்ரோவில் டிசம்பர் கடைசியில் பகல் 9 மணி நேரத்துக்கும் குறைவு. ஜூனில் 15ஐத் தாண்டும். தை பிறக்கும்போது 20 நிமிடம்போலக் கூடியிருக்கும். ஐந்து மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தால் மேற்கில் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம் இருக்கும்.

இங்கே பிறந்த மகளுக்கு முற்றமும் தெரியாது, புதுநெல்லும் தெரியாது. ஆனால் சூரியனுக்கு எதற்குப் பொங்கல் என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. நான் அந்த வயதில் அதைக் கேட்டு அம்மாவிடம் நல்ல ஏச்சு வாங்கியிருக்கிறேன்.